ஒரு தாடையில் 526 பற்கள்!

உங்கள் வாயில் எத்தனை பற்கள்? நாக்கால் தடவி எண்ணிப் பாருங்கள். 28-க்கு அருகில் வந்தால் கணக்குச் சரி. ஞானப்பற்கள் முளைக்க இன்னும் நாளாகும். ஆனால் 2019 ஜூலையில், சென்னை சவீதா பல் மருத்துவக் கல்லூரியில், ஏழு வயதுச் சிறுவன் ஒருவனின் கீழ்த்தாடை வலப்பக்கத்திலிருந்து மட்டும் 526 பற்கள் எடுக்கப்பட்டன!

வீக்கத்தைப் பெற்றோர் முதலில் கண்டது அவனது மூன்றாம் வயதில். பிறகு அது மெல்ல மெல்லப் பெருத்தது. தாடை வீங்கினால் நம் வீடுகளில் முதலில் நினைப்பது சொத்தைப்பல்லை. அடுத்து, வாய்விட்டுச் சொல்லாமலே, புற்றுநோயை. சொத்தையால் சீழ் கட்டினால் வலிக்கும், காய்ச்சலும் வரலாம். வலியின்றி ஆண்டுக்கணக்கில் வளரும் வீக்கமோ வேறு கதை. அங்கே எக்ஸ்ரே படம்தான் துப்புக் கொடுக்கும்.

அப்படத்தில் எலும்பும் பல்லும் வெளுப்பாகவும், மென்மையான சதை கருமையாகவும் தெரியும் அல்லவா? 'அமெலோபிளாஸ்டோமா' என்றொரு தாடைக் கட்டி உண்டு. புற்றுநோய் அல்ல என்றாலும் எலும்பை அரித்துப் பரவும். படத்தில் அது பெரும்பாலும் சோப்பு நுரைக் குமிழிகள் போன்ற கருத்த அறைகளாகத் தெரியும். இச்சிறுவனின் படத்திலோ, வெண்ணிறத் துணுக்குகளைப் பையில் கொட்டி வைத்தாற்போல் இருந்தது. இதுவே 'ஓடோன்டோமா'. 1867-இல் இப்பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் பிரெஞ்சு மருத்துவர் பால் புரோக்கா. (மூளையில் பேச்சுக்குரிய பகுதியைக் காட்டியவரும் இவரே!)

உண்மையில், இதைக் கட்டி என்பதே சற்று மிகை. தஞ்சைப் பக்கத்து மாணவர்களுக்கு நடவு தெரியும். ஒரு குத்து நாற்று ஊன்ற வேண்டிய இடத்தில் ஒரு மரக்கால் விதையைக் கொட்டினால்? எல்லாம் முளைக்கும், ஒன்றும் பயிராகாது. பல் முளையும் சிலருக்கு இப்படி வழி தவறுகிறது. எனாமல், டென்டின் எல்லாம் உருவாகும். ஒழுங்கு மட்டும் இராது. முதிர்ந்ததும் வளர்ச்சி தானே நின்றுவிடும்.

அப்படியானால் விட்டுவிடலாமே என்கிறீர்களா? அடியில் நிலைப்பல் சிக்கிக்கொள்ளுமே! 'இந்தப் பல் ஏன் இன்னும் முளைக்கவில்லை' என்று எடுத்த படத்தில்தான் பல ஓடோன்டோமாக்கள் அகப்படுகின்றன.

சென்னை மருத்துவர்கள் தாடையின் பக்கங்களை உடைக்காமல், மேற்புறம் திறந்து பையை எடுத்தார்கள். எடை சுமார் 200 கிராம். பிறகு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்து எண்ணினார்கள். மிகச் சிறியது 0.1 மி.மீ.; நொய்யரிசி அதற்கு மலை! பெரியது 15 மி.மீ. 2014-இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் 17 வயது இளைஞனிடமிருந்து எடுத்தவை 232தான்.

இத்தனையும் போக, சிறுவனின் வாயில் 21 நல்ல பற்கள் எஞ்சின.