மின்சாரக் கார்: மூணு லட்சம் கூடக் கொடுக்கலாமா?

போன பகுதியைக் கேட்டுட்டு தளவானூரிலிருந்து ஒரு நேயர் குரல் செய்தி அனுப்பியிருந்தார். செஞ்சிப் பக்கம், மகேந்திரவர்மனோட குடைவரைக் கோயில் இருக்கே, அந்த ஊர். அவர் கேட்டது இதுதான்: "பெட்ரோல் காரை விடக் கரண்ட் கார் மூணு லட்சம் கூடச் சொல்றாங்க. லோன்லதான் வாங்கணும். கூடக் கொடுக்கிற காசு திரும்பி வருமா?"

நான் அவரிடம் திருப்பிக் கேட்டது ஒண்ணுதான்: மாசம் எத்தனை கிலோமீட்டர் ஓட்டுவீங்க? காரோட விலை எல்லாருக்கும் ஒண்ணு. அதிலிருந்து கிடைக்கிற பலன் ஆளுக்கு ஆள் மாறும்.

கணக்கைப் போட்டே பார்த்துடுவோம். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், சின்ன கார் 18 கிலோமீட்டர் கொடுக்குதுன்னு வச்சுக்குவோம். கிலோமீட்டருக்கு சுமார் 5.50 ரூபாய். அதே அளவு மின்சாரக் கார் ஒரு யூனிட்டில் 7 கிலோமீட்டர் ஓடும், யூனிட் 8 ரூபாய் என்றால், கிலோமீட்டருக்கு 1.15 ரூபாய். மிச்சம் 4.35 ரூபாய். இந்த மிச்சத்தை வைத்து 3 லட்சத்தை எடுக்க சுமார் 69,000 கிலோமீட்டர் ஓட்டணும்.

தினமும் விழுப்புரம் போய்வருகிற ஒருவர் மாசம் 1,500 கிலோமீட்டர் ஓட்டினால், கிட்டத்தட்ட 4 வருஷத்தில் போட்ட காசு வந்துடும். வாரம் ஒரு தடவை செஞ்சி, எப்பவாவது திருவண்ணாமலை என்று மாசம் 400 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு? 14 வருஷம் ஆகும். நம்ம ஊர்ல பல கம்பெனிகள் பேட்டரிக்குக் கொடுக்கும் வாரண்டியே 8 வருஷம்தான். லோன் என்றால் அந்த 3 லட்சத்துக்கான வட்டியையும் சேர்க்கணும். காலம் இன்னும் நீளும்.

அடுத்தது, எங்கே சார்ஜ் போடப் போறீங்க? மேலே சொன்ன கணக்கு வீட்டில் போடுகிறவருக்கு. வெளியே வேக சார்ஜரில் யூனிட் 20 ரூபாய் என்று வைத்தால், மிச்சம் 2.65 ரூபாயாகக் குறையும். 1,500 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கே 6 வருஷத்துக்கு மேல் ஆகும். வீட்டிலேயே போட்டாலும், இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ் அடுக்குக்கான விலையும் ஏறும். அதனால இப்போதைய கரண்ட் பில்லை எடுத்துப் பாருங்க.

"பேட்டரி இல்லாத விலை" என்ற விளம்பரத்தையும் கவனிக்கணும். 2024 செப்டம்பரில் எம்ஜி விண்ட்சர் வந்தபோது ஆரம்ப விலை 9.99 லட்சம், பேட்டரிக்குக் கிலோமீட்டருக்கு 3.50 ரூபாய் வாடகை. பேட்டரியோடு வாங்கினால் சுமார் 13.50 லட்சம். வித்தியாசம் 3.5 லட்சம், அதாவது 1 லட்சம் கிலோமீட்டருக்கான வாடகை. கையில் முதல் குறைவாக இருப்பவருக்கு இது உதவும். ஆனா வாடகையோடு கரண்ட் செலவையும் கூட்டுங்க: 4.65 ரூபாய். பெட்ரோல் செலவுக்குப் பக்கத்திலேயே வந்துடுச்சு இல்லையா? ஓடினாலும் ஓடாவிட்டாலும் மாதக் குறைந்தபட்ச வாடகை உண்டா என்றும் கேளுங்க.

வரியும் மாறியிருக்கு. மின்சாரக் கார்களுக்கு 2019 ஆகஸ்டிலிருந்து ஜிஎஸ்டி 5 சதவீதம். சின்ன பெட்ரோல் கார்களுக்கு 28 சதவீதமாக இருந்தது, 2025 செப்டம்பரில் 18 ஆனது. அதனால விலை வித்தியாசத்தைப் பழைய வீடியோ பார்த்து முடிவு பண்ணாதீங்க. சாலை வரிச் சலுகை, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து, இரண்டு காருக்கும் ஆன்-ரோடு விலையை ஒரே நாளில் எழுதி வாங்குங்க.

பணத்தில் அடங்காத பலனும் உண்டு. சத்தமில்லை, கியர் இல்லை, ஆயில் மாத்துற வேலை இல்லை. அதுக்காகக் கூடக் கொடுக்கிறது தப்பே இல்லை. ஆனா அதை "சேமிப்பு" என்று சொல்லிக் கடன் வாங்க வேண்டாம்.

ஷோரூம் போறதுக்கு முன்னாடி, இப்போ ஓட்டுற வண்டியின் மீட்டரை இன்னிக்கு ஒரு படம், இரண்டு மாசம் கழிச்சு ஒரு படம் எடுத்து வையுங்க. அந்த வித்தியாசம்தான் இந்தக் கணக்கில் முதல் எண். அடுத்த பகுதியில், பழைய மின்சாரக் கார் வாங்கும்போது பேட்டரியை எப்படிப் பார்ப்பது என்று பேசுவோம்.