மார்கழியில் மலைக்குப் போகலாமா?

கார்த்திகை பிறந்ததும் எங்கள் புறநோயாளிப் பிரிவில் ஒரு கேள்வி தவறாமல் வந்துவிடும். மருந்துச் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, கதவுவரை சென்ற பிறகு திரும்பி நின்று கேட்பார்கள்: "டாக்டர், பிள்ளைகள் கொடைக்கானலுக்குக் கூப்பிடுகிறார்கள். போய் வரலாமா?"

பல ஆண்டுகளாக எங்கள் விடை "வேண்டாம்" என்ற ஒரே சொல்தான். இதயத் தளர்ச்சிக்காக எங்களிடம் சிகிச்சை பெற்றுவந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், ஒரு மார்கழியில் எங்களிடம் கேட்காமலேயே மலையேறினார். வழியில் கழிப்பறை கிடைக்காதே என்று நீர் மாத்திரையை இரண்டு நாள் நிறுத்திவிட்டார். சிப்ஸும் ஊறுகாயும் தாராளமாகச் சேர்ந்தன. மூன்றாம் இரவு அவரால் படுக்கையில் சாய முடியவில்லை. மூச்சுத்திணறலோடு கொண்டை ஊசி வளைவுகளில் இறக்கிக் கொண்டுவந்தார்கள். நல்லவேளையாகப் பிழைத்துக்கொண்டார்.

வீடு திரும்பும் நாளில் அவருடைய மனைவி எங்களிடம் சொன்னார்: "உங்களிடம் கேட்டால் வேண்டாம் என்பீர்கள். அதனால்தான் கேட்கவில்லை. முப்பது வருஷமாகக் கூட்டிப்போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார், டாக்டர்."

தவறு அவர்களுடையது மட்டுமன்று என்பது அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. அன்றிலிருந்து "வேண்டாம்" என்று தொடங்குவதை விட்டுவிட்டோம். "எப்போது போகிறீர்கள்? யாரோடு போகிறீர்கள்?" என்று கேட்கிறோம். அந்த உரையாடலில் நாங்கள் சொல்பவற்றையே இங்கே எழுதுகிறோம்.

மலை உடலிடம் கேட்பது என்ன?

கொடைக்கானல் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றழுத்தம் குறைவதால், ஒவ்வொரு மூச்சிலும் சமவெளியில் கிடைப்பதைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன் குறைவாகவே கிடைக்கும். நலமாக உள்ளவர்கள் இதைப் பெரும்பாலும் உணர்வதில்லை. தளர்ந்த இதயமும் நுரையீரலும் அதை ஈடுசெய்யக் கூடுதலாக உழைக்க வேண்டும்.

இத்தோடு குளிரும் சேர்கிறது. மார்கழி, தை மாதங்களில் இரவு வெப்பநிலை 10 டிகிரிக்கும் கீழே இறங்கும். தாழ்வான இடங்களில் உறைபனியும் விழும். குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்கி இரத்த அழுத்தம் உயர்கிறது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூச்சுக்குழல்கள் இறுகுகின்றன.

பயணத்தைத் தள்ளிப்போட வேண்டியவர்கள்

அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள், ஸ்டென்ட் அல்லது இதய அறுவை சிகிச்சை முடிந்து சில வாரங்களே ஆனவர்கள், நடக்கும்போது நெஞ்சுவலி வருபவர்கள், கால் வீக்கமோ மூச்சிரைப்போ சமீபத்தில் கூடியவர்கள், வீட்டிலேயே ஆக்சிஜன் பயன்படுத்துபவர்கள், கடும் இரத்தசோகை உள்ளவர்கள் இப்போது போகக் கூடாது. இது நிரந்தரத் தடை அன்று. உடல்நிலை சீரான பிறகு மீண்டும் கேளுங்கள்.

மற்றவர்கள் புறப்படுவதற்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு முன் எங்களை வந்து பாருங்கள். உங்களை நடக்கவைத்துப் பார்ப்போம். இரத்த அழுத்தத்தையும் ஆக்சிஜன் அளவையும் குறித்துத் தருவோம்.

நாளும் வழியும்

மார்கழியின் தொடக்கத்தில் வடகிழக்குப் பருவமழை முற்றிலும் ஓய்ந்திருக்காது. மலைப்பாதையில் மண்சரிவு ஏற்படக்கூடும். பொங்கலையொட்டிய நாட்களில் வானம் தெளிந்திருந்தாலும் விடுமுறைக் கூட்டம் நெரியும். இடைப்பட்ட வார நாட்களே நோயாளிகளுக்கு ஏற்றவை. 2024 மே மாதத்திலிருந்து கொடைக்கானலுக்குச் செல்லும் வாகனங்களுக்கு இ-பாஸ் முறை நடைமுறைக்கு வந்துள்ளது. நடப்பு விதிகளைப் பார்த்து முன்கூட்டியே பதிந்துவிட்டால், சோதனைச் சாவடியில் முதியவரை நெடுநேரம் காத்திருக்க வைக்க நேராது.

பகல் வெளிச்சத்தில் மலையேறுங்கள். நீர் மாத்திரையை நிறுத்தாதீர்கள். ஊர் சேர்ந்த பின் அதை எடுத்துக்கொள்ளும்படி வேளையை மாற்றித் தர எங்களால் முடியும். பயணக் குமட்டலுக்காக மருந்துக் கடையில் தாமாக வாங்கும் மாத்திரைகளால் சில முதியவர்களுக்கு, குறிப்பாக புராஸ்டேட் வீக்கம் உள்ளவர்களுக்கு, சிறுநீர் அடைத்துக்கொள்ளும். நீரிழிவு நோயாளி இன்சுலின் போட்டுக்கொண்டு உண்டபின் வழியில் வாந்தி எடுத்தால் சர்க்கரை திடீரெனக் குறையலாம். குளுக்கோஸோ சர்க்கரையோ கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

மருந்துப் பை

தேவையான நாட்களைவிட மூன்று நாள் கூடுதலாக மருந்து எடுத்துச் செல்லுங்கள். அதை வண்டியின் பின்பகுதியில் வைக்காமல் கைப்பையில் வையுங்கள். கடைசி இசிஜி, மருந்துச் சீட்டு ஆகியவற்றின் நகல் உடன் இருக்கட்டும். இன்சுலின் உறைந்துவிட்டால் பயனற்றது. விடுதிக் குளிர்பெட்டியின் உறைபகுதியை ஒட்டி அதை வைக்க வேண்டாம். குளிர்ந்த இன்ஹேலர் சரியான அளவு மருந்தைத் தராமல் போகலாம். உடலோடு ஒட்டிய உட்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அறையும் நடையும்

தரைத்தள அறையைக் கேட்டு வாங்குங்கள். குளிருக்காக அறைக்குள் கரி அடுப்பையோ கனன்றுகொண்டிருக்கும் கணப்பையோ ஒருபோதும் வைக்காதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. உறக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும். காற்றோட்டமில்லாத குளியலறையில் உள்ள எரிவாயு வெந்நீர்க் கருவியாலும் இதே ஆபத்து உண்டு. கம்பளியும் குல்லாயும் காலுறையும் போதும்.

முதல் நாள் ஓய்வு நாளாக இருக்கட்டும். விடியற்காலை நடை வேண்டாம். வெயில் ஏறிய பின் நடக்கலாம். ஏரியைச் சுற்றிய 5 கிலோமீட்டர் பாதை பெரும்பாலும் சமமானது. முடிந்தவரை நடந்து திரும்பிவிடலாம். டால்பின் மூக்குப் பாறைக்கு இறங்கும்போது எளிதாகத்தான் இருக்கும். ஆனால் திரும்பும் வழி முழுவதும் ஏற்றம். அதை இளையவர்களுக்கு விட்டுவிடுங்கள்.

காத்திருக்கக் கூடாத வேளை

நெஞ்சில் அழுத்தம், ஓய்விலும் மூச்சுத்திணறல், படுத்தால் இருமல், பேச்சுக் குழறல், மயக்கம், மூன்று நாளில் 2 கிலோ எடை கூடுதல் ஆகியவற்றில் எது வந்தாலும் "காலையில் பார்க்கலாம்" என்று படுத்துவிடாதீர்கள். 108-ஐ அழையுங்கள், அல்லது கொடைக்கானல் அரசு மருத்துவமனைக்கு உடனே செல்லுங்கள். மதுரைக்கு ஏறத்தாழ 120 கிலோமீட்டர். அதில் ஒரு பகுதி மலைப்பாதை. அந்தத் தொலைவைக் கணக்கில் கொண்டு முன்னதாகவே முடிவெடுங்கள்.

உடன் செல்லும் குடும்பத்தினருக்கு ஒரு சொல். நோயாளி உங்கள் மகிழ்ச்சியைக் கெடுக்கக் கூடாதென்று தம் களைப்பை மறைப்பார். "நன்றாக இருக்கிறேன்" என்பதை நம்புவதோடு நில்லாமல், அவர் மூச்சையும் கால்களையும் கவனியுங்கள்.

கொடைக்கானல் உருவான கதையும் உடல்நலத்தோடு தொடர்புடையதே. சமவெளியின் வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் அஞ்சி, 1845-இல் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தவர்கள் அங்கே முதல் வீடுகளைக் கட்டினார்கள். நலம் தேடி மனிதர்கள் ஏறிய மலையை, நோயைக் காரணம் காட்டி எல்லோருக்கும் மூடிவிட எங்களுக்கு மனமில்லை.

அந்த ஆசிரியர் அடுத்த தை மாதம் எங்களிடம் சொல்லிவிட்டே போனார். இரண்டே நாள். மனைவி பேரப்பிள்ளைகளோடு ஏரியைச் சுற்றிவரும்வரை அவர் வெயிலில் கிடந்த ஒரு பலகையில் அமர்ந்திருந்தாராம். அடுத்த முறை வந்தபோது எங்கள் மேசையில் ஒரு பொட்டலம் மலைப்பூண்டு வைத்தார். மாத்திரைப் பெட்டியையும் திறந்து காட்டினார். ஒரு வேளைகூடத் தவறியிருக்கவில்லை.