செஞ்சி கல்யாண மஹாலும் காணாமல் போன போட்டோக்களும்

பிரான்ஸ் நாட்டின் வெர்சாய் அரண்மனையில் கண்ணாடி மண்டபம் ஒன்று உள்ளது. நீளம் 73 மீட்டர். சுவரில் 357 கண்ணாடிகள்; கூரை முழுக்க ஓவியங்கள். இதனைப் பார்க்க விமான டிக்கெட் எடுக்க வேண்டியதில்லை. கூகுள் ஆர்ட்ஸ் அண்ட் கல்ச்சர் தளத்தில் வெர்சாய் எனத் தேடி, மவுஸால் இழுத்து, வீட்டிலிருந்தே சுற்றிப் பார்க்கலாம்.

அந்த மண்டபத்தைக் கட்டத் தொடங்கியது 1678ல். அதற்கு முந்தைய ஆண்டுதான் சிவாஜி செஞ்சிக் கோட்டையைப் பிடித்தார். ஆனால் செஞ்சி அரண்மனையில் இன்று மிஞ்சியிருப்பது அடித்தளம் மட்டுமே. பக்கத்தில் கல்யாண மஹால் நிற்கிறது. சதுர முற்றம், சுற்றிலும் வளைவுகளுடன் அறைகள், அடுக்கடுக்காக உயர்ந்து கூம்புக் கூரையில் முடியும் கோபுரம். தங்கப் பூச்சு எதுவும் இல்லை; எனக்கு அதுவே பிடித்தது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த 12 மராட்டியர் காலக் கோட்டைகளில், தமிழகத்தில் உள்ளது செஞ்சி மட்டுமே.

ஒரு நாள் முழுக்கச் சுற்றிப் படம் எடுத்தேன். வீட்டில் கேமராவின் மெமரி கார்டைக் கம்ப்யூட்டரில் செருகியதும், பார்மட் செய்திடவா என ஒரு கட்டம் வந்தது. படிக்காமல் ஓகே கொடுத்தேன். தொடர்ந்து வந்த விண்டோவில் ஸ்டார்ட்டையும் அழுத்திவிட்டேன். கார்டு காலி!

உங்களுக்கும் இப்படி நேர்ந்தால், அந்தக் கார்டில் புதிதாக ஒரு படம்கூட எடுக்காதீர்கள். விண்டோஸ் வழக்கமாகச் செய்வது குயிக் பார்மட். இதில் பைல்களின் பட்டியல்தான் அழிகிறது. மேலே புதிதாக எதையும் எழுதாத வரை படங்கள் பெரும்பாலும் உள்ளேயே இருக்கும். போட்டோரெக் என்ற இலவச புரோகிராமை டவுன்லோட் செய்து கார்டைத் தேடச் சொன்னேன். மீட்ட படங்களைக் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க்கில்தான் சேவ் செய்திட வேண்டும். அதே கார்டில் கூடாது.

படங்கள் வந்தன, பெயர்களும் வரிசையும் போய்விட்டன. நான்கு பக்க வளைவுகளும் ஒன்று போல இருப்பதால், எது எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. போல்டரில் ரைட் கிளிக் செய்து, சார்ட் பை பிரிவில் டேட் டேக்கன் தேர்ந்தெடுத்தேன். படம் எடுத்த நேரம் படத்துக்குள்ளேயே பதிவாகியிருக்கும் என்பதால், நான் நடந்த வரிசையிலேயே மஹால் திரும்பி வந்தது.

கோபுரத்தின் உச்சிப் படங்கள் மட்டும் பாதியில் சாம்பல் நிறமாகிவிட்டன. அவற்றுக்காகத் திண்டிவனத்தில் செஞ்சி பஸ்ஸை மறுபடி பிடிக்க வேண்டும்.