டிரைவர் தூங்கினாரா, கேளுங்கள்!

டோக்கியோவிலிருந்து ஓசாகா போக இரண்டு வழி உண்டு. பணத்தைக் கொடுத்து நேரத்தை மிச்சம் பிடிப்பது ஒன்று. அதற்குப் பெயர் ஷின்கான்சென் ரயில். நேரத்தைக் கொடுத்துப் பணத்தை மிச்சம் பிடிப்பது இன்னொன்று. அதற்குப் பெயர் நைட் பஸ். (விமானமும் இருக்கிறது. ஏர்போர்ட் போய், க்யூவில் நின்று, பெல்ட்டைக் கழற்றி மாட்டுவதற்குள் ரயில்காரர் பாதி தூரம் போயிருப்பார்.) ரயில், பஸ் இரண்டிலும் போயிருக்கிறேன். அதனால் ஜப்பான் கிளம்புகிற நண்பர்கள் எல்லோரும் மறக்காமல் என்னிடம் கேட்கிற கேள்வி: "ரயிலா, பஸ்ஸா?"

முதலில் கணக்கைப் பார்த்து விடுவோம்.

தூரம் சுமார் 515 கிலோமீட்டர். நம் சென்னை - மதுரையை விடக் கொஞ்சம் கூடுதல். 'நொஸோமி' என்கிற அதிவேக ரயிலில் ஏறினால் இரண்டரை மணி நேரத்துக்குள் ஓசாகா. ரிசர்வ் செய்த ஸீட்டுக்கு 14,000 யென்னுக்கு மேல் ஆகும். நம் காசில் எட்டாயிரம் ரூபாய் பக்கம் என்று வைத்துக் கொள்ளுங்கள். பஸ் என்றால் எட்டிலிருந்து ஒன்பது மணி நேரம். கூட்டமில்லாத வார நாளாகப் பார்த்து எடுத்தால் நாலாயிரம், ஐயாயிரம் யென்னுக்கே இடம் கிடைத்து விடும். வெள்ளிக்கிழமை, பண்டிகை என்றால் விலை தானாக ஏறும். இந்த விஷயத்தில் உலகம் பூராவும் பஸ்காரர்கள் ஒரே ஜாதிதான். பக்கத்து ஆசாமியின் முழங்கை இடிக்காமல், தனித்தனி ஸீட்டாக மூன்று வரிசை போட்ட பஸ் வேண்டுமென்றால் இன்னும் சில ஆயிரம் யென் வைக்க வேண்டும்.

டோக்கியோவில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கும் நம்மூர்த் தம்பி ஒருவர் எனக்கு இந்தக் கணக்கைச் சொல்லிக் கொடுத்தார்.

"சார், பஸ்ல போனா ஒரு ராத்திரி ஓட்டல் வாடகை மிச்சம். அதையும் சேத்துக்குங்க."

சேர்த்துக் கொண்டேன்.

"மறுநாள் பூரா தூங்கி வழிவீங்களேண்ணா, அதையும் கழிச்சுக்குங்க" என்றார் அவர் மனைவி, காபியைக் கொடுத்தபடி.

கழித்தேன். மிச்சம் என்று பெரிதாக எதுவும் நிற்கவில்லை.

ரயிலின் பெருமை ஊரறிந்தது. 1964-ம் வருஷம் அக்டோபர் 1-ம் தேதி, டோக்கியோ ஒலிம்பிக்ஸுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது முதல் ஷின்கான்சென்னை விட்டார்கள். அதுவரை ஆறரை மணி நேரம் பிடித்த பயணம் நாலு மணியாகச் சுருங்கியது. அப்புறம் ரயில்களை மாற்றி, வேகத்தை ஏற்றி ஏற்றி இன்றைய கணக்குக்கு வந்திருக்கிறார்கள். இந்தப் பாதையில் உச்ச வேகம் மணிக்கு 285 கிலோமீட்டர். பதினாறு பெட்டி, 1,323 ஸீட். நெருக்கடி நேரத்தில் மணிக்குப் பத்து நொஸோமிக்குக் குறையாமல் கிளம்புகிறது. ஒன்றைத் தவற விட்டால் நகத்தைக் கடித்து முடிப்பதற்குள் அடுத்தது வந்து நிற்கும். புயல், மழையால் தாமதமான ரயில்களையும் சேர்த்து வருஷக் கணக்குப் போட்டால், ஒரு ரயிலின் சராசரித் தாமதம் ஓரிரு நிமிஷம்தான்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விஷயம். இத்தனை வருஷத்தில் ஷின்கான்சென் தடம் புரண்டோ, மோதியோ ஒரு பயணிகூட இறந்ததில்லை. பூகம்பத்தில் தடம் புரண்டதுண்டு. அப்போதும் உயிர்ச்சேதம் இல்லை.

சரி, இவ்வளவு நல்ல ரயில் இருக்கும்போது பஸ்ஸுக்கு என்ன வேலை?

இரண்டு வேலை. ஒன்று, காலேஜ் பிள்ளைகளிடம் 14,000 யென் இருக்காது. இரண்டாவது, ஷின்கான்சென் ராத்திரி ஓடாது. நடு ராத்திரியிலிருந்து காலை ஆறு மணி வரை பாதையைப் பழுது பார்ப்பதற்கென்றே ஒதுக்கி விட்டார்கள். டோக்கியோவிலிருந்து ஓசாகா போகும் கடைசி நொஸோமி ராத்திரி ஒன்பதரைக்குள் புறப்பட்டு விடும். அதற்கப்புறம் ஊர் போய்ச் சேர வேண்டியவனுக்கு பஸ்தான் கதி. டோக்கியோவையும் நகோயாவையும் இணைக்கும் டோமெய் எக்ஸ்பிரஸ்வே 1969-ல் முழுசாகத் திறந்ததுமே, அன்றைய தேசிய ரயில்வேயே ராத்திரி பஸ் விட ஆரம்பித்து விட்டது. ரயில்காரனே பஸ் விட்டான் என்றால் தேவை எப்படி இருந்திருக்கும் பாருங்கள்!

டோக்கியோவில் ஷிஞ்ஜுகு ஸ்டேஷனின் தண்டவாளங்களுக்கு மேலேயே 2016-ல் ஒரு பெரிய பஸ் நிலையம் கட்டியிருக்கிறார்கள். நான் பஸ் ஏறியது அங்கேதான். கூச்சல் கிடையாது. "ஓசாகா, ஓசாகா, ஓசாகா, ஏறு ஏறு" கிடையாது. போர்டில் நேரம் வருகிறது, பஸ் வருகிறது, லிஸ்ட்டில் பெயரைப் பார்த்து ஏற்றுகிறார்கள். பெண்ணுக்குப் பக்கத்தில் பெண்தான் வரும்படி ஸீட் போடுகிறார்கள். பெண்களுக்கு மட்டுமான பஸ்ஸும் உண்டு. கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் எல்லாத் திரையையும் மூடி, விளக்கை அணைத்து விட்டார்கள். வீடியோ கோச்சில் விடிய விடியப் படம் பார்த்தே வளர்ந்தவனுக்கு, இந்த நிசப்தத்தில் தூக்கம் வரவில்லை.

ராத்திரி இரண்டு மணி வாக்கில் நெடுஞ்சாலை ஓரத்து ஓய்விடத்தில் நிறுத்தினார்கள். இறங்கினேன். திரும்பி வரும்போது கதவருகில் ஒரு காட்சி. அதுவரை ஓட்டி வந்த டிரைவர் ஸ்டியரிங்கை விட்டு இறங்கி, புதிதாக வந்த இன்னொருவரிடம் ஏதோ குறிப்பைக் கொடுத்து, குனிந்து வணங்கினார். அவரும் குனிந்தார். அப்புறம் முதலாமவர் பஸ்ஸின் நடுப்பக்கம் போய் ஒரு குட்டிக் கதவைத் திறந்து உள்ளே போய்விட்டார்.

பெட்டி படுக்கை வைக்கிற இடத்துக்குள் மனுஷன் போகிறாரே என்று திகைத்துப் போனேன். பிறகு விசாரித்தால், அது டிரைவர் படுப்பதற்கான அறையாம். பயணிகள் காலடியில், ஒரு ஆள் காலை நீட்டிப் படுக்கிற மாதிரி அறை. ஜப்பானின் ராத்திரி பஸ்கள் பலவற்றில் இது உண்டு. வேறு சில பஸ்களில், பாதி வழியில் டிரைவரையே மாற்றி விடுகிறார்கள்.

இந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் ஒரு சோகக் கதை இருக்கிறது.

2012 ஏப்ரல் 29-ம் தேதி விடியற்காலை. கனாஸாவா பக்கத்திலிருந்து டோக்கியோவை நோக்கி ஒரு டூர் பஸ் வந்து கொண்டிருந்தது. விடுமுறை சீசன், மலிவு டிக்கெட், பஸ் நிறைய ஜனம். ஒரே ஒரு டிரைவர். குன்மா மாவட்டத்தில் நெடுஞ்சாலை ஓரத்துத் தடுப்புச் சுவரில் பஸ் மோதியது. ஏழு பேர் இறந்தார்கள். மிச்சமிருந்த எல்லோருக்கும் காயம். டிரைவர் தூங்கி விட்டிருந்தார்.

அதுவரை ஒரு டிரைவர் ஒரு நாளைக்கு 670 கிலோமீட்டர் வரை ஓட்டலாம் என்று விதி இருந்தது. விபத்துக்கப்புறம் விழித்துக் கொண்டார்கள். ராத்திரி நேரத்தில் ஒரு டிரைவருக்கு 400 கிலோமீட்டர்தான் பொது வரம்பு. சில விசேஷ நிபந்தனைகளோடு அதிகபட்சம் 500. டோக்கியோ - ஓசாகா அதையும் தாண்டுகிறது. ஆகவே இன்னொரு டிரைவர் கட்டாயம். டூர் என்ற பெயரில் ஓடிய பஸ்களையும் 2013-ல் வழக்கமான நெடுந்தூர பஸ்களுக்கான சட்டத்துக்குள் கொண்டு வந்தார்கள்.

அத்தோடு முடிந்ததா? இல்லை. 2016 ஜனவரி 15-ம் தேதி கருயிஸாவா மலைப்பாதையில், பனிச்சறுக்குக்குப் போன பஸ் ஒன்று இறக்கத்தில் வேகம் தாங்காமல் கவிழ்ந்தது. பதினைந்து பேர் பலி. அதில் பதின்மூன்று பேர் காலேஜ் மாணவர்கள். மற்ற இருவர் டிரைவர்கள். ஆம், அந்த பஸ்ஸில் இரண்டு டிரைவர் இருந்தார்கள்! ஆனால் ஓட்டியவருக்குப் பெரிய பஸ் பழக்கம் போதாது. விசாரித்தபோது இன்னொன்றும் வெளியே வந்தது. அரசாங்கம் விதித்த குறைந்தபட்சக் கட்டணத்துக்கும் கீழே அந்த ட்ரிப்பை ஒப்புக் கொண்டிருக்கிறார்கள். காசு குறைந்தால் எங்கேயோ ஒன்று குறையத்தானே வேண்டும்?

"அப்ப ரயில்தான் சேஃப்னு சொல்லிடுங்களேன் சார்" என்பீர்கள். அவசரப்படாதீர்கள்.

2005 ஏப்ரல் 25-ம் தேதி காலை, ஓசாகாவுக்குப் பக்கத்தில் அமகஸாகி. இது ஷின்கான்சென் இல்லை. ஆபீஸ் போகிறவர்களும் மாணவர்களும் ஏறும் சாதாரண ரயில். முந்தின ஸ்டேஷனில் நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டி நின்று, பின்னால் வந்து, ஜனங்களை ஏற்றியதில் ஒன்றரை நிமிஷம் போல லேட். டிரைவருக்கு இருபத்து மூன்று வயசு. லேட்டானால் கம்பெனி 'மறுபயிற்சி' என்ற பெயரில் உட்கார வைத்து வாட்டி எடுக்கும் என்ற பயம் வேறு. மணிக்கு 70 கிலோமீட்டரில் திரும்ப வேண்டிய வளைவில் சுமார் 116-ல் ரயில் நுழைந்தது. தடம் புரண்டு, பக்கத்து அடுக்குமாடிக் கட்டடத்தில் போய்ச் சொருகியது. டிரைவரையும் சேர்த்து 107 பேர் இறந்தார்கள். எந்த நேரந்தவறாமையை நாம் வாயைப் பிளந்து பாராட்டுகிறோமோ, அதை பயமுறுத்தி வாங்கினால் என்ன ஆகும் என்பதற்கு அந்த ஒன்றரை நிமிஷம் சாட்சி.

ஆகவே ரயிலா, பஸ்ஸா என்பது பாதிக் கேள்விதான். ஓட்டுகிறவனை எப்படி வைத்திருக்கிறார்கள் என்பது மீதிக் கேள்வி. ஷின்கான்சென் டிக்கெட்டில் ராத்திரி முழுக்கப் பாதையைத் தட்டிப் பார்க்கிறவர்களின் சம்பளம் இருக்கிறது. நல்ல பஸ் டிக்கெட்டில் காலடியில் படுத்திருக்கும் இரண்டாவது டிரைவரின் சம்பளம் இருக்கிறது. நாம் தூங்குவதற்கு மட்டுமில்லை, அவர் தூங்குவதற்கும் சேர்த்துத்தான் காசு.

இப்போது அங்கே டிரைவர்களுக்கே பஞ்சம். ஓசாகா பக்கத்தில் ஒரு பஸ் கம்பெனி ஆள் கிடைக்காமல் 2023 டிசம்பரில் சர்வீஸையே அடியோடு நிறுத்தி விட்டது. 2024 ஏப்ரலிலிருந்து, ஒரு டியூட்டிக்கும் அடுத்த டியூட்டிக்கும் நடுவே டிரைவருக்குக் குறைந்தது ஒன்பது மணி நேர ஓய்வு என்று விதியை இறுக்கியிருக்கிறார்கள். முன்பு எட்டு மணி நேரமாக இருந்தது. அந்த ஒரு மணி நேரத் தூக்கத்துக்காக பஸ் டிக்கெட் கொஞ்சம் ஏறினால் முணுமுணுக்காமல் கொடுங்கள்.

கடைசியாக, கிளம்புகிறவர்களுக்குச் சில குறிப்புகள்.

குழந்தை குட்டி, வயசானவர்கள் கூட வந்தால் யோசிக்கவே வேண்டாம், ரயில். டோக்கியோவிலிருந்து போகும்போது வலப்பக்க ஜன்னல் கேளுங்கள். மேகம் இல்லாவிட்டால் முக்கால் மணி நேரத்தில் ஃபூஜி மலை தரிசனம். சாப்பாட்டை ஸ்டேஷனிலேயே வாங்கிக் கொள்ளுங்கள். சாதாரண வகுப்பில் தள்ளுவண்டி வியாபாரத்தை 2023 அக்டோபரோடு நிறுத்தி விட்டார்கள். பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டி 160 சென்டிமீட்டரைத் தாண்டினால், அதற்கென்று இடமுள்ள ஸீட்டாக முன்கூட்டியே ரிசர்வ் செய்ய வேண்டும். கல்யாணப் பெட்டி மாதிரி தூக்கிக் கொண்டு போய் நிற்காதீர்கள். 'வெளிநாட்டுக்காரர்களுக்கு ஏழு நாள் ரயில் பாஸ்' என்று யாராவது ஆசை காட்டினால் பேனாவை எடுத்துக் கணக்குப் போடுங்கள். 29,650 யென்னாக இருந்தது, 2023 அக்டோபரில் ஒரே தாவலில் 50,000 ஆகிவிட்டது. டோக்கியோ - ஓசாகா போய்த் திரும்ப மட்டும் என்றால் நஷ்டம்.

தனி ஆளா? முதுகு நன்றாக இருக்கிறதா? தாராளமாக பஸ்ஸில் போங்கள். மூன்று வரிசை ஸீட்டாகப் பாருங்கள். கழுத்துக்கு ஒரு தலையணை, காதுக்குப் பஞ்சு. ராத்திரி நிறுத்தும் இடத்தில் ஒரு தரம் இறங்கி, டிரைவர் மாறுகிறாரா என்று பாருங்கள். மாறினால் நீங்களும் லேசாகக் குனிந்து ஒரு வணக்கம் போடுங்கள். அப்புறம் வந்து படுத்தீர்களானால் தூக்கம் நன்றாக வரும். எனக்கு வந்தது.