முகத்தில் அமிலம் பூசுமுன்

சென்ற ஆண்டு ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து யாவரும் வாழ்த்துதல் கூறிக் கலைந்துகொண்டிருந்தபோது, எங்கள் மும்பைச் சபையின் வாலிபச் சகோதரி ஒருத்தி முக்காட்டை நெற்றிவரை இழுத்துக்கொண்டு ஓரமாய் நின்றாள். தாயார் என் மனைவியிடம் வந்து அழுதார். பெண் பார்க்க ஊரிலிருந்து வந்த வீட்டார், "பெண் சற்று நிறம் குறைவு" என்று சொல்லிப் போனார்களாம். மனம் உடைந்த மகள், வேலைசெய்யும் இடத்துத் தோழியரின் பேச்சை நம்பி ஒரு பியூட்டி பார்லரில் கெமிக்கல் பீல் செய்துகொண்டாள். ஒரு வாரத்தில் தோல் உரிந்தது. அடுத்த இரண்டு வாரங்களில் இரு கன்னங்களிலும் கருந்திட்டுகள் படர்ந்தன.

அலங்கார ஆசைக்குக் கிடைத்த தண்டனை என்று சிலர் முணுமுணுத்தார்கள். நான் அப்படிச் சொல்லத் துணியவில்லை. அவளுடைய நிறத்தைக் குறைகூறியவர்களும் அந்நியபாஷையில் ஜெபிக்கிற விசுவாசிகளே அல்லவா! அவளுக்காக ஜெபித்தோம், மறுநாளே தோல் நோய் மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். அவர் விளக்கியவற்றையும், பின்னர் நான் வாசித்தறிந்தவற்றையும் நம் குடும்பங்களுக்காக எழுதுகிறேன்.

அமிலக் கரைசலைப் பூசித் தோலின் மேற்பகுதியை அளவோடு உரியச்செய்து, அடியிலிருந்து புதுத்தோல் வளரவிடுவதே கெமிக்கல் பீல். கிளைக்காலிக், லாக்டிக், சாலிசிலிக் அமிலங்கள் பெரும்பாலும் மேலோட்டமான உரிப்புக்கு உதவுகின்றன. பரு, பரு விட்டுச்சென்ற கறை, மங்கு ஆகியவற்றுக்கு மருத்துவர்கள் இவற்றையே இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில் சிலமுறை பூசுவார்கள். ஒரே நாளில் முகம் மாறும் என்று சொல்லுகிறவரை நம்பவேண்டாம். டிரைகுளோரோ அசிட்டிக் அமிலம் அதன் வீரியத்துக்கு ஏற்ப இன்னும் ஆழமாய் இறங்கும். ஃபீனாலோ இருதயத் துடிப்பையே தாறுமாறாக்கக் கூடுமாதலால், இருதயத்தைக் கண்காணித்தபடிதான் பூசவேண்டும். நம் தோலுக்கு அது பொதுவாக ஏற்றதல்ல.

அதென்ன நம் தோல்? வெயிலில் தோல் எவ்வாறு சிவக்கிறது, எவ்வாறு கறுக்கிறது என்பதைக் கொண்டு தோலை வகைப்படுத்தும் முறையை அமெரிக்க மருத்துவர் தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் 1975இல் வகுத்தார். இன்று வழங்கும் ஆறு வகைகளில் நம்மவர் பெரும்பாலும் நான்காம், ஐந்தாம் வகையினர். இத்தோலில் மெலனின் என்னும் நிறமியை உண்டாக்கும் செல்கள் எளிதில் தூண்டப்படும். சமையலறையில் எண்ணெய் தெறித்த இடம் ஆறியபின்னும் மாதக்கணக்கில் கறுத்துக் கிடப்பதைப் பார்த்திருக்கிறோமே, அதற்குக் காரணம் இதுதான். அமிலம் அளவுக்கு மிஞ்சினாலும் அப்படியே நேரிடும். வெளுக்கப் போனவள் கறுத்துத் திரும்பியது இவ்விதமாகவே. கறையை மங்கச் செய்யலாமேயன்றி, பிறவி நிறத்தைப் பீல் மாற்றுவதில்லை.

ஆகையால் முதலாவது பார்க்கவேண்டியது, பூசுகிறவர் யார் என்பதே. தோல் மருத்துவத்தில் பட்டம் பெற்றவரிடமே செல்லுங்கள். பருவுக்கு ஐசோட்ரெடினாயின் மாத்திரை உட்கொள்ளுகிறவர்கள், உதட்டில் அடிக்கடி அக்கிக் கொப்புளம் வருகிறவர்கள், காயம் தடித்துத் தழும்பாகும் உடல்வாகு உள்ளவர்கள், ஆஸ்பிரின் ஒவ்வாதவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள் ஆகியோர் அதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லவேண்டும். மருந்துக்கடையில் தாமாகவே வாங்கிப் பூசும் "வெள்ளை கிரீம்" பற்றியும் வெட்கப்படாமல் சொல்லுங்கள். அவற்றுள் சிலவற்றில் ஸ்டீராய்டு உண்டு. அது தோலை மெலியச் செய்திருக்கும். நம் அரசு 2018இல் ஸ்டீராய்டு களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கக்கூடாதவையாக்கியும், அவற்றைத் தாமாகவே வாங்கிப் பூசுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

பீலுக்கு முந்திய ஒரு வாரம் திரெடிங், வாக்சிங், பிளீச்சிங் வேண்டாம். இணையத்தில் அமிலப் புட்டியை வாங்கி வீட்டிலேயே பூசுவது பேராபத்து. வீரியமிக்க பீல் கரைசல்களை மருத்துவக் கண்காணிப்பின்றிப் பயன்படுத்தினால் தோல் வெந்துபோகக்கூடும் என்று அமெரிக்க உணவு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2024 ஜூலையில் எச்சரித்தது.

பீல் செய்தபின் வெயிலே பெரிய சத்துரு. காலை பத்து மணி வெயிலில் லோக்கல் ரயிலுக்காக நிற்கவேண்டியவர்களுக்கு இது எளிதல்ல. குடை வேண்டும், எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாத சன்ஸ்கிரீனை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பூசவேண்டும். உரியும் தோலைக் கையால் பிய்க்கக்கூடாது. இவற்றுக்கு வசதியில்லாதவர் பீல் செய்யாதிருப்பதே நலம். திருமணத்துக்குச் சில வாரங்களே இருக்கையில் முதன்முறையாகச் செய்துகொள்வதும் தகாது.

சரி, விசுவாசி இதைச் செய்யலாமா என்று கேட்கிறார்கள். பருவுக்கும் மங்குக்கும் சிகிச்சை பெறுவதை நான் அலங்காரம் என்று எண்ணவில்லை. பல்வலிக்கு மருத்துவரிடம் போவதைப்போன்றதே அது. ஆனால் நிறத்துக்காகப் போகிற மகளை, போகும்படி தூண்டியது யார் என்பதைப் பெற்றோரும் வரன் வீட்டாரும் கர்த்தருடைய சமுகத்தில் கேட்டுக்கொள்ளட்டும். உன்னதப்பாட்டின் முதலாம் அதிகாரத்து மணவாட்டி கறுத்தவள். அவள் அதை மறைக்கவும் இல்லை.

எங்கள் சகோதரியின் கன்னத்துக் கருமை குறைய ஏழு மாதங்கள் ஆயின. இடது கன்னத்தில் ஒரு சிறு திட்டு இன்னும் இருக்கிறது.