சோரியாசிஸ்: காசு கரையும் இடங்கள்

அக்கரைப்பற்றில் சோரியாசிஸோடு பல வருடம் காலம் தள்ளிய ஒருவரிடம் இதுவரை எவ்வளவு செலவு என்று கேட்டால், கணக்குப் பெரும்பாலும் இப்படித்தான் வரும்: கிளினிக் மருந்துக்குப் போனது கொஞ்சம், "முற்றாக மாற்றித் தருகிறோம்" என்றவர்களுக்குப் போனது மிச்சமெல்லாம். வாப்பாவின் வெள்ளாமைக் காசும் உம்மாவின் நகையும் இப்படிக் கரைவதுண்டு.

முற்றாக மாற்றும் மருந்து உலகில் எங்கும் இல்லை. 2014இல் ஜெனீவாவில் கூடிய உலக சுகாதாரப் பேரவை, இது தொற்றாத, நாட்பட்ட, முழுக்குணம் இல்லாத நோய் என்று தீர்மானத்திலேயே எழுதி வைத்தது. உடம்பின் எதிர்ப்புச் சக்தி தவறாகத் தூண்டப்படுவதால், ஒரு மாதமளவில் புதுப்பிக்கப்பட வேண்டிய தோல் சில நாட்களிலேயே புதிதாகிறது. பழையது உதிர்வதற்குள் அடுத்தது வந்து செதிலாகத் தடிக்கிறது. இதை அடக்கலாம், சிலருக்கு வருடக்கணக்கில் தலைகாட்டாமலும் வைத்திருக்கலாம். ஒரே சஹனில் கை வைத்துச் சாப்பிட்டாலும், பள்ளிவாசல் சப்பில் தோளோடு தோள் உரசி நின்றாலும் அடுத்தவருக்குத் தொற்றாது. கல்யாணப் பேச்சில் இதை மறைக்கச் சொல்லும் குடும்பங்களுக்கும், இதற்காகவே பேச்சை முறிக்கும் குடும்பங்களுக்கும் இது தெரிய வேண்டும்.

காசு கரையும் முதல் இடம் பாமசி. "படைக்கு ஒரு கிறீம் தாங்க" என்றால் குளோபெட்டசோல் போன்ற வீரியமான ஸ்டீரொயிட் டியூப் ஒன்று, துண்டு இல்லாமலே கைக்கு வந்துவிடுவதுண்டு. சில நாளில் செதில் மறையும், மனசு குளிரும். வைத்தியர் சொன்ன அளவுக்கும் நாளுக்கும் பூசினால் அது நல்ல மருந்துதான். மாதக்கணக்கில் தன்பாட்டில் பூசினால் தோல் மெலிந்து கோடு விழும், நிறுத்தியதும் நோய் முன்னையதைவிட மூர்க்கமாகத் திரும்பும். ஸ்டீரொயிட் குளிசையும் ஊசியும் இன்னும் ஆபத்து. அவற்றைத் திடீரென நிறுத்தி, உடம்பு முழுக்கச் சிவந்து, சீழ்க் கொப்புளம் போட்டு, நடுக்கம் கண்டால் அது அவசர நிலை. 1990ஐ அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும்.

இரண்டாவது இடம் பெயரில்லாப் பொட்டலம். சித்த, ஆயுள்வேத மருத்துவத்தை நான் சொல்லவில்லை. நிந்தவூரில் அரச ஆயுள்வேத வைத்தியசாலையே இருக்கிறது. வெட்பாலைத் தைலம் பூசி ஆறுதல் கண்டவர்களும் உண்டு. 1961ஆம் ஆண்டின் ஆயுள்வேதச் சட்டப்படி பதிவு பெற்ற வைத்தியரா என்று கேட்பது மரியாதைக் குறைவல்ல. என்ன சேர்த்தது என்று சொல்லாத தூள் சில நாளிலேயே அற்புதம் செய்தால், அதற்குள் ஸ்டீரொயிட் இருக்குமோ என்று சந்தேகப்படுங்கள்.

அப்படியானால் எதில் தொடங்குவது? அக்கரைப்பற்று ஆதார வைத்தியசாலை ஓபீடியில் காட்டி, தோல் கிளினிக் எங்கே, எந்தக் கிழமை என்று கேட்டுத் துண்டு வாங்குங்கள். அரச வைத்தியசாலையில் அதற்குக் கட்டணமில்லை. கொஞ்ச இடத்தில் மட்டும் இருந்தால் ஈரப்பதம் காக்கும் பூச்சு, நிலக்கரித் தார், சலிசிலிக் அமிலம், அளவான ஸ்டீரொயிட் ஆகியவையே பெரும்பாலும் போதும்.

பரவியிருந்தால் வருவது மெத்தோட்ரெக்ஸேட். ஆந்திரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவின் ஆய்வுக் குழு 1940களில் அமெரிக்காவில் உருவாக்கிய மருந்து அது. பழையது, மலிவானது, இன்றும் முன்னணியில் நிற்பது. ஆனால் ஒரு பிழை உயிரைக் குடிக்கும்: இதை வாரத்துக்கு ஒருமுறைதான் குடிக்க வேண்டும். தினமும் குடித்து இறந்தவர்கள் உலகெங்கும் உண்டு. ஒரு கிழமையைக் குறித்து, கிளினிக் கொப்பியில் பெரிய எழுத்தில் எழுதச் சொல்லுங்கள். ஜும்ஆ நாள் என்று வைத்துக்கொண்டால் மறக்காது. நோன்பு மாதத்தில் நோன்பு திறந்த பிறகு குடிக்கலாம், நிறுத்த வேண்டியதில்லை. இரத்தப் பரிசோதனையைத் தவற விடக்கூடாது. வாய்ப்புண், காய்ச்சல், மூச்சுத்திணறல் வந்தால் அடுத்த கிளினிக் வரை காத்திருக்கக்கூடாது. காய்ச்சலுக்கோ சிறுநீர்க் கடுப்புக்கோ வேறு வைத்தியரிடம் போனாலும் கொப்பியைக் காட்டுங்கள். கோ-ட்ரைமொக்சசோல் என்ற சாதாரண அன்டிபயோட்டிக் இதோடு சேர்ந்தால் இரத்த அணுக்களையே வீழ்த்திவிடும். கர்ப்பிணிகளுக்கு மெத்தோட்ரெக்ஸேட் ஆகவே ஆகாது. பிள்ளைக்குத் திட்டமிடும் கணவன் மனைவி இருவருமே முன்கூட்டிச் சொல்ல வேண்டும்.

ஒளிச் சிகிச்சை நல்லது. ஆனால் வாரத்தில் இரண்டு மூன்று தடவை, மாதக்கணக்கில் போக வேண்டும். மட்டக்களப்பே சுமார் 65 கிலோமீட்டர் என்கிற ஊரில் பஸ் காசும் இழந்த நாட்கூலியும்தான் உண்மையான கட்டணம். அதை வைத்தியரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள், அவர் வேறு வழி யோசிப்பார். அடலிமுமாப், செக்குகினுமாப் போன்ற உயிரியல் ஊசிகள் மற்றவை பலிக்காதவர்களுக்கானவை. தொடர்ந்து போட வேண்டியவை, விலையும் அதிகம். தொடங்குமுன் காசநோய்ப் பரிசோதனை அவசியம். முதல் ஊசிக்குக் கடன் வாங்கிவிட்டு நாலாவதில் நிறுத்துவதால் பயனில்லை. ஒரு வருடக் கணக்கைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். காலையில் விரல் மூட்டு விறைத்து வலித்தால் தோல் வைத்தியரிடமே சொல்லுங்கள். சோரியாசிஸ் மூட்டையும் தாக்கும், அது சிகிச்சையின் வரிசையையே மாற்றிவிடும்.

வைத்தியசாலையில் மருந்து முடிந்து வெளியே வாங்கச் சொன்னால், கம்பனிப் பெயரோடு நிறுத்தாமல் மருந்தின் பொதுப்பெயரையும் எழுதித் தரக் கேளுங்கள். 1971இல் சேனக பிபிலே தொடக்கிவைத்த அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் அடிப்படை எண்ணமே இதுதான். அதன் ஒசுசல கடையில் விலை விசாரியுங்கள். ஒரு மருந்து ஏன் அடிக்கடி முடிகிறது என்று 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டத்தில் வைத்தியசாலைத் தகவல் அதிகாரியிடம் எழுதிக் கேட்கலாம். தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். கடையில் பில் கேட்டால் தந்தே ஆக வேண்டும், அது 2003ஆம் ஆண்டின் பாவனையாளர் அலுவல்கள் சட்டம். குறித்த விலைக்கு மேல் எடுத்தால் 1977க்கு அழையுங்கள். மருந்து வாங்கிய மூன்று மாதத்துக்குள் எழுத்து முறைப்பாட்டைக் கொடுக்க வேண்டும் என்பதால், டியூபையும் பெட்டியையும் பில்லையும் அதுவரை எறிய வேண்டாம்.