‘விசேஷம் இல்லையா?’ என்று கேட்கும் முன் விசாவைப் பாருங்கள்!

பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறோம். என்ன சம்பளம், சொந்த வீடு உண்டா, கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர், ஏதாவது பழக்கம் உண்டா... எல்லாம் துருவித் துருவி விசாரிக்கிறோம். ஜாதகத்தை எடுத்துக் கொண்டு போய் பத்துப் பொருத்தம் பார்க்கிறோம். வெளிநாட்டு மாப்பிள்ளை என்றால் சம்பளத்தை ரூபாயாக மாற்றிப் பார்த்து மனசுக்குள் சந்தோஷப்பட்டுக் கொள்கிறோம். ஆனால், "மாப்பிள்ளைக்கு என்ன விசா? அந்த விசாவில் பெண்டாட்டியைக் கூட்டிக் கொண்டு போக முடியுமா?" என்று எத்தனை பேர் கேட்கிறோம்?

‘வைத்தியம் எழுதுவதை விட்டுவிட்டு இந்த அம்மா ஏன் விசாவைப் பற்றிப் பேசுகிறார்?’ என்று நினைக்காதீர்கள். காரணம் இருக்கிறது. ஓசூர், சூளகிரி, கிருஷ்ணகிரி, பர்கூர் பக்கத்திலிருந்து ‘குழந்தை இல்லை’ என்று என்னிடம் வருகிறவர்களில் ஒரு சாராருக்கு உடம்பில் பெரிய குறை எதுவும் இருப்பதில்லை. குறையெல்லாம் அவர்கள் சேர்ந்து வாழ்ந்த நாட்களின் எண்ணிக்கையில்தான்!

எல்லா எல்லையும் ஒன்றல்ல

நம் ஊர்க்காரர்களுக்கு எல்லை தாண்டுவது தண்ணீர் பட்ட பாடு. ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி. காலையில் டிபன் பாக்ஸோடு கர்நாடகத்துக்குப் போய் வேலை பார்த்துவிட்டு, ராத்திரி தமிழ்நாட்டில் வந்து சாப்பிடுகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். யாரும் சீட்டு கேட்பதில்லை. அதனால், ஐ.டி.ஐ. முடித்து சிப்காட்டில் ஒப்பந்த வேலை பார்த்த பையன் குவைத்துக்கோ சிங்கப்பூருக்கோ கிளம்பும்போதும், "முதலில் போய் நிலைக்கட்டும், அப்புறம் அவளைக் கூப்பிட்டுக் கொள்வான்" என்று வீட்டில் சுலபமாகச் சொல்லி விடுகிறார்கள்.

அந்த எல்லை வேறு மாதிரி. சிங்கப்பூரில் ‘வொர்க் பெர்மிட்’டில் வேலை செய்கிறவர் மனைவி, பிள்ளைகளைத் தன்னோடு குடிவைத்துக் கொள்ள முடியாது. அதற்கு மேற்பட்ட பாஸ் வைத்திருப்பவர்களுக்கும் மாதச் சம்பளம் குறைந்தது 6,000 சிங்கப்பூர் டாலர் வேண்டும். துபாய், அபுதாபி அடங்கிய அமீரகத்தில் மாதம் 4,000 திர்ஹாம், அல்லது 3,000 திர்ஹாமோடு தங்குமிடமும் இருந்தால்தான் குடும்ப விசா. குவைத் 2022-ல் குடும்ப விசாவை நிறுத்தியது. 2024 ஜனவரியில் மறுபடி திறந்தபோது, சம்பளம் குறைந்தது 800 தினார் என்று வரம்பு வைத்தது. சவூதியில் 2017-லிருந்து குடும்பத்தார் ஒவ்வொருவருக்கும் மாதாமாதம் கட்டணம். 100 ரியாலில் ஆரம்பித்து 2020-ல் 400 ரியால் ஆனது. வெல்டரும் டிரைவரும் இதற்கெல்லாம் எங்கே போவார்கள்?

பெண் வெளிநாடு போய், ஆண் இங்கே நிற்கிற வீடுகளும் உண்டு. பிரிட்டனில் முதியோரைப் பராமரிக்கும் வேலைக்குப் போகிறவர்கள் குடும்பத்தை அழைத்துச் செல்வதற்கு 2024 மார்ச் 11 முதல் தடை வந்தது. அமெரிக்காவின் எச்-1பி விசாவில் மனைவியை அழைத்துப் போகலாம் என்றாலும், 2025 டிசம்பரில் விசா நேர்காணல்கள் மாதக் கணக்கில் தள்ளிப்போனபோது, லீவில் வந்தவர் இங்கேயும் குடும்பம் அங்கேயுமாகத் தவித்தவர்கள் உண்டு.

கல்யாணமாகி நாலு வருஷமா?

சூளகிரிப் பக்கத்திலிருந்து ஒரு மாமியார் மருமகளைக் கூட்டிக் கொண்டு வந்தார். "நாலு வருஷமாச்சு டாக்டரம்மா, இவ வயித்துல ஒண்ணும் தங்க மாட்டேங்குது. போகாத கோயில் இல்ல, பாக்காத டாக்டர் இல்ல" என்றார். மருமகள் தலை நிமிரவில்லை. கையில் தடிமனான ஃபைல். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, கருக்குழாய் எக்ஸ்ரே, ‘டி அண்ட் சி’ என்று எல்லாம் செய்து முடித்திருந்தார்கள். எல்லாமே சரியாக இருந்தது. பையனுக்கு ஒரு பரிசோதனைகூட இல்லை. பையன் குவைத்தில்.

"உன் வீட்டுக்காரர் எப்ப வந்தார், எப்ப போனார், சொல்லும்மா" என்றேன். தேதி தேதியாக மனப்பாடமாகச் சொன்னாள் அந்தப் பெண். கல்யாணத்துக்குப் பிறகு 22 நாள். இரண்டு வருஷம் கழித்து லீவில் 30 நாள். ஆக, 52 நாள். நாலு வருஷம் என்பது 1,461 நாள். மிச்சம் 1,409 நாளும் செல்போனில்தான் குடும்பம் நடந்திருக்கிறது!

"ஏம்மா, பெரியவங்களே, நாலு வருஷமில்லை, இவங்க கல்யாணத்துக்கு இன்னும் ரெண்டு மாசமே முடியலையே!" என்றேன். மாமியார் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். பிறகு வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

உலக சுகாதார நிறுவனமே என்ன சொல்கிறது தெரியுமா? கணவன் மனைவி ஒன்றாக இருந்து, தடுப்பு எதுவும் இல்லாமல், 12 மாதம் முறையாக உறவு கொண்டும் கரு தரிக்காவிட்டால்தான் ‘குழந்தையின்மை’. கல்யாணப் பத்திரிகையில் போட்ட தேதியிலிருந்து எண்ணச் சொல்லவில்லை.

ஒரு சின்னக் கணக்கு

பெண்ணுக்கு மாதத்தில் ஒரு கருமுட்டைதான் முதிர்ந்து வெளிவருகிறது. அது உயிரோடு இருப்பது 12 முதல் 24 மணி நேரம். ஆணின் உயிரணு பெண்ணின் உடம்புக்குள் 5 நாள் வரை தாக்குப் பிடிக்கும். ஆக, ஒரு மாதத்தில் கரு தரிக்கக்கூடிய நாட்கள் ஆறே ஆறு. அந்த நாட்களில் சேர்ந்திருந்தாலும், ஆரோக்கியமான இளம் தம்பதிக்கே வாய்ப்பு சுமார் 20 முதல் 25 சதவீதம்தான்.

சேர்ந்து வாழ்கிறவர்களுக்கு வருஷத்தில் 12, 13 முறை இந்த வாய்ப்பு வருகிறது. அதனால் 100 ஜோடியில் சுமார் 85 பேருக்கு ஒரு வருஷத்துக்குள் கரு தரித்து விடுகிறது. நம் வெளிநாட்டு ஜோடிகளுக்கோ நாலு வருஷத்தில் இரண்டே வாய்ப்பு. 100 ஜோடி என்று வைத்துக் கொள்ளுங்கள். முதல் லீவில் 20 பேருக்கு நிற்கும். மிச்சமுள்ள 80 பேரில், அடுத்த லீவில் 16 பேருக்கு நிற்கும். பாக்கி 64 ஜோடிக்கு நாலு வருஷத்துக்குப் பிறகும் மடி காலிதான். இத்தனைக்கும் அத்தனை பேரும் முழு ஆரோக்கியமானவர்கள்! இவர்களில் எத்தனை பெண்கள் ‘மலடி’ என்று பேச்சு வாங்குகிறார்கள்? எத்தனை பேரை வளைகாப்புக்குக் கூப்பிடாமல் ஒதுக்குகிறார்கள்? "இன்னொரு பொண்ணு பார்க்கலாமா" என்று எத்தனை வீட்டில் பேச்சு எழுகிறது?

டிக்கெட் போடுவதற்கு முன்...

லீவு எப்போது என்பதைப் பெரும்பாலும் கம்பெனி தீர்மானிக்கிறது. ஓரிரு வாரம் முன்னே பின்னே மாற்ற முடிகிறவர்கள், டிக்கெட் போடும் முன் மனைவியின் மாதவிலக்குக் கணக்கைப் பார்க்கட்டும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மாதவிலக்கு வந்த முதல் நாளை ‘1’ என்று எண்ணுங்கள். 28 நாளுக்கு ஒருமுறை ஒழுங்காக வருகிற பெண்ணுக்கு 14-ம் நாளையொட்டி முட்டை வெளிப்படும். ஒரு நாள் முன்பின் ஆகலாம் என்பதால் 9 முதல் 15-ம் நாள் வரை முக்கியம். கணவர் 16-ம் நாள் வந்து இறங்கினால் அந்த மாதத்து வாய்ப்பு போச்சு. 9-ம் நாளுக்கு முன் வந்தால் கிடைத்தது.

இன்னொரு நுணுக்கம். 9-ம் நாள் வந்து 35 நாள் தங்கினால், அடுத்த மாதத்தின் 15-ம் நாள் வரை ஆகிறது. ஒரே லீவில் இரண்டு வாய்ப்பு! 30 நாள் லீவோடு கெஞ்சிக் கூத்தாடி ஐந்து நாள் சேர்த்து வாங்கினால் வாய்ப்பு இரட்டிப்பாகிறது. மாதவிலக்கு ஒழுங்கில்லாதவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்கள் முன்கூட்டியே மருத்துவரைப் பார்ப்பது நல்லது.

கணவர் வருகிற சமயத்தில் ‘தூரம்’ ஆகிவிடக் கூடாதே என்று மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுத் தள்ளி வைக்கிறார்கள். இதைச் செய்யாதீர்கள். மாதவிலக்கு ஒரு வாரம் தள்ளினால், அடுத்த முட்டை வெளிப்படுவதும் ஒரு வாரம் தள்ளிப்போகும். அதற்குள் விமானம் ஏறும் நாள் வந்துவிடும்.

லீவில் வந்தவரை முதல் பத்து நாள் அக்கா வீடு, சித்தப்பா வீடு, திருப்பதி, குலதெய்வம் என்று அலைக்கழிப்பதும் நம் வழக்கம். உறவுக்காரர்கள் கொஞ்சம் விட்டுக் கொடுங்கள். அவர்களைத் தனியாக இருக்க விடுங்கள்.

ஆண்களுக்கு...

சித்த மருத்துவத்தில் உடல் கட்டுகள் ஏழு. சாரம், செந்நீர், ஊன், கொழுப்பு, எலும்பு, மூளை என்று படிப்படியாகப் போஷாக்கு ஏறி, கடைசியில்தான் சுக்கிலம். நவீன மருத்துவமும் ஓர் உயிரணு உருவாக இரண்டரை மாதம் போல் ஆகிறது என்கிறது. ஆகவே ஊருக்கு வந்த பிறகு லேகியம் தேடுவதில் அர்த்தமில்லை. மூன்று மாதம் முன்பே, அங்கேயே ஆரம்பிக்க வேண்டும். சிகரெட், பான் மசாலா, குடி மூன்றையும் நிறுத்துங்கள். விதைப்பைக்கு உடல் சூட்டைவிடக் குறைந்த சூடு வேண்டும். உலைக்களம், வெல்டிங், சமையற்கூடம், நாள் முழுக்க வண்டி ஓட்டுவது என்று உஷ்ணத்தில் வேலை செய்கிறவர்கள் தளர்ந்த பருத்தி உள்ளாடை அணியுங்கள். வாரம் ஒரு நாள் நல்லெண்ணெய்க் குளியல் நல்லது. ஜிம்மில் உடம்பு ஏற்றப் போடும் ஹார்மோன் ஊசி உயிரணு உற்பத்தியையே படுக்க வைத்துவிடும், ஜாக்கிரதை!

‘சேர்த்து வைத்தால் வீரியம்’ என்பதும் தவறு. மாதக் கணக்கில் தேங்கிய உயிரணுக்களுக்கு ஓட்டம் குறைவு. வந்த பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் உறவு என்பதே போதுமானது.

லீவின் முதல் வாரத்திலேயே, 2 முதல் 7 நாள் இடைவெளி விட்டு, ஒரு விந்துப் பரிசோதனை செய்து கொள்ளுங்கள். மனைவியின் உடம்பில் ஊசியும் கருவியும் போகும் முன் செய்ய வேண்டிய மிகச் சுலபமான சோதனை இது. பஸ் ஸ்டாண்ட் விளம்பரம் பார்த்து பற்பம், செந்தூரம் வாங்கி வெளிநாட்டுக்குப் பார்சல் அனுப்பாதீர்கள். அவை மருத்துவர் நாடி பார்த்து, அளவோடு, அனுபானத்தோடு தர வேண்டியவை.

பெண்களுக்கு...

தனியாக இருக்கும் பெண், "எனக்கு மட்டும் எதுக்கு சமையல்?" என்று மிச்சம் மீதியைச் சாப்பிட்டு நாளைக் கழிக்கிறாள். போன் பேச ராத்திரி பன்னிரண்டு வரை விழித்திருக்கிறாள். எடை ஏறுகிறது, தூக்கம் கெடுகிறது, மனசு அலைபாய்கிறது. இவையெல்லாம் சேர்ந்து மாதவிலக்கையும் குழப்பி விடும். பேசும் நேரத்தை இருவரும் ஒத்துக்கொண்டு முன்கூட்டியே வைத்துக் கொள்ளுங்கள். பத்தரைக்குள் படுத்து விடுங்கள்.

நம் ஊர் ராகிக் களி, முருங்கைக் கீரை, எள்ளுருண்டை, உளுந்தங்களி, பயறு வகைகள் மாற்றி மாற்றிச் சாப்பிடுங்கள். இவை குழந்தையைக் கொண்டு வந்து தரும் என்று நான் சொல்ல மாட்டேன். குழந்தை வந்தால் தாங்கும் உடம்பைத் தரும். லீவுக்கு மூன்று மாதம் முன்பே ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை மூன்றையும் பரிசோதித்து, மருத்துவரைக் கேட்டு தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் சாப்பிட ஆரம்பியுங்கள். கணவர் வந்து போன பிறகு நாள் தள்ளியிருந்தால், அமுக்கரா சூரணம் உட்பட எந்த மூலிகையையும் தானாகச் சாப்பிடக் கூடாது.

எப்போது காத்திருக்கக் கூடாது?

நாள் கணக்கைச் சொல்லி ஆறுதல் தேடிக் கொண்டே இருந்துவிடவும் கூடாது. பெண்ணுக்கு 35 வயது தாண்டினால், அவருக்கு மாதவிலக்கு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வந்தால், தாங்க முடியாத வயிற்றுவலி இருந்தால், கணவருக்கு உயிரணு குறைவு என்று தெரிந்தால், உடனே மகப்பேறு நிபுணரைப் பாருங்கள். கணவரின் உயிரணுவை உறைநிலையில் சேமித்து வைத்து, அவர் ஊரில் இல்லாதபோதும் சிகிச்சையைத் தொடர வழி உண்டு. 2021-ம் வருஷத்துச் சட்டப்படி பதிவு பெற்ற மையத்தில், இருவரும் எழுத்துமூலம் சம்மதித்துத்தான் செய்ய வேண்டும்.

முடிந்தவர்கள், மனைவியை இரண்டு மாதமாவது விசிட் விசாவில் அழைத்துக் கொள்ளுங்கள். அந்த டிக்கெட் செலவு, இங்கே ஃபைல் ஃபைலாகச் செய்யும் பரிசோதனைச் செலவைவிடப் பெரும்பாலும் குறைவாகத்தான் இருக்கும். பெண்ணைப் பெற்றவர்கள், நிச்சயதார்த்தத்துக்கு முன் விசாவின் வகையையும் அன்றைய விதியையும் கேட்டுத் தெரிந்து கொள்ளுங்கள். இந்த விதிகள் அடிக்கடி மாறுகின்றன.

பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. கோயிலுக்கு வேண்டிக் கொள்ளுங்கள், தப்பே இல்லை. ஆனால் மருமகளைப் பார்த்து "விசேஷம் இல்லையா?" என்று கேட்பதை விட்டுவிட்டு, வெளிநாட்டில் இருக்கும் மகனைக் கேளுங்கள்: "எப்போடா வர்றே? எத்தனை நாள் இருப்பே?"